செய்யூர் – போளூர் சாலையில் தொழுநோய்

கடலோரத்துச் செய்யூரில் உப்பளங்களை விட்டுக் கிளம்பும் சாலை போலம்பாக்கம், சோத்துப்பாக்கம், வந்தவாசி, சேத்துப்பட்டு என்று மேற்கே போய்ப் போளூரில் முடிகிறது. அரசுக் கணக்கில் மாநில நெடுஞ்சாலை 115. நீளம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். வழியெங்கும் ஏரிகள், நெல்வயல்கள், மணிலாக்கொட்டைக் காடுகள். வந்தவாசி தாண்டிய பிறகு தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள். இந்தச் சாலை ஓடும் பழைய செங்கல்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்கள் சென்ற நூற்றாண்டின் நடுவில் இந்தியாவிலேயே தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளில் சேர்ந்தவை. அந்த நோயை வெல்ல நடந்த முயற்சிகளில் உலகம் திரும்பிப் பார்த்த சில, இந்தச் சாலையிலும் இதன் இரு முனைகளிலிருந்து எட்டிவிடும் தூரத்திலும்தான் நடந்தன. அதனாலேயே இதை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சொல்லத் தோன்றுகிறது.

நோய் எப்படிப் பரவும் என்று கேட்டால் நமக்குச் சட்டென்று காலராதான் நினைவுக்கு வரும். திருவிழாக் கூட்டத்தோடு வந்து, குளத்துத் தண்ணீரில் இறங்கி, ஒரு வாரத்தில் தெருவைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அதன் வழியைத் தேதி போட்டு வரைபடத்தில் கோடிழுக்கலாம். தொழுநோய்க்கு அப்படிக் கோடிழுக்க முடியாது. 1873ல் நார்வே மருத்துவர் ஆன்சன் கண்டறிந்த இந்தக் கிருமி ஒன்று இரண்டாகப் பிரியவே சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். தொற்றிய பின் முதல் தேமல் தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். மருந்து எடுக்காத நோயாளியின் மூச்சிலும் மூக்குச் சளியிலும் வரும் கிருமி, அவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகுகிறவரையே பெரும்பாலும் தொற்றுகிறது. அவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே எதிர்த்து நின்றுவிடும். ஆகவே இந்த நோயைப் புள்ளி வைத்துக் குறித்தால், புள்ளிகள் பேருந்து நிலையத்தையும் சந்தையையும் சுற்றி விழாது. ஒரு வீட்டில் மூன்று, பக்கத்து வீட்டில் ஒன்று, பிறகு நாலு தெருவுக்கு ஒன்றுமில்லை என்று கொத்துக் கொத்தாக விழும்.

போலம்பாக்கத்தில் 1955ல் ஒரு தொழுநோய் மையம் தொடங்கியது. தொடங்கியவர் பெல்ஜிய மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ். அதுவரை தொழுநோய் மருத்துவம் என்றால் ஊருக்கு வெளியே மதில் கட்டி, உள்ளே நோயாளிகளைக் குடிவைப்பது. மதிலுக்குள் எத்தனை பேரை வைக்க முடியும்? ஒரு வட்டத்திலேயே ஆயிரக்கணக்கானவர்களுக்கு நோய் இருந்தபோது, சில நூறு படுக்கைகளால் ஆவது ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று இருந்தது. மதிலுக்குப் பயந்தே ஜனங்கள் தேமலை மறைத்தார்கள். ஹெமரிக்ஸ் மதிலை விட்டுவிட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். சாலையோரத்தில் நல்ல நிழல் உள்ள ஒரு புளியமரமோ ஆலமரமோ போதும். குறித்த நாளில் குறித்த நேரத்தில் வண்டி வரும், மேசை போடுவார்கள், அட்டையைப் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள், புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள், அடுத்த மரத்துக்குப் போவார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்து, வயலுக்குப் போய்வந்துகொண்டே மருந்து சாப்பிட்டார். மரத்தடி மருத்துவமனை என்ற இந்த முறையைப் பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. ஹெமரிக்ஸுடன் பணியாற்ற வந்த மருத்துவர் கிளேர் வெல்லூ அவருக்குப் பின் பொறுப்பேற்று, இந்தியக் குடியுரிமையும் பெற்று, பல பத்தாண்டுகள் இந்த நோயாளிகளுக்காகவே உழைத்தார்.

மாத்திரை என்று சொன்னேனே, அது டாப்சோன். அந்த மாத்திரையின் கதைக்குச் சோத்துப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலையில் வடக்கே திரும்பிச் செங்கல்பட்டு வரை போக வேண்டும். அங்கே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். டாப்சோனுக்கு முன்னால் பெரிதும் நம்பியிருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். நம் சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த அந்தக் கொட்டையின் எண்ணெயைத்தான் ஆங்கில மருத்துவரும் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். வலி உயிர் போகும், பலனோ கொஞ்சம். 1940களில் சல்போன் மருந்துகள் வந்தபோது அவற்றை இந்தியாவில் முதலில் கொடுத்துப் பார்த்தவர்களில் காக்ரேன் ஒருவர். டாப்சோன் மலிவு. வாயில் போட்டு விழுங்கலாம், மரத்தடியில் வைத்தே கொடுக்கலாம். போலம்பாக்கத்து முறை சாத்தியமானதே இந்த மருந்தால்தான். திருமணி மருத்துவமனை 1955ல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று.

வந்தவாசி என்றதும் பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வரும் 1760ஆம் வருடப் போரைச் சொல்வார்கள். எனக்கு இந்த ஊர் என்றால் கோரைப்பாய். பாயைப் பற்றிச் சொல்லாமல் இந்த நோயைப் பற்றிச் சொல்ல முடியாது. தேமல் பெருநோய் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் முதலில் நடப்பது தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. அடுத்தது திண்ணை. அதற்கும் அடுத்தது ஊர் எல்லை. இதைச் சட்டமே செய்தது. 1898ஆம் வருடத்துத் தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே பிடித்துப்போய் அடைத்துவைக்க இடம் தந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கியது 2016ல். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பதை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கும் விதி 2019 வரை இருந்தது. குணப்படுத்தும் மருந்து வந்து எத்தனையோ வருடம் கழித்தும் இவை ஏட்டில் இருந்தன என்பதை என்னால் ஆறுதலோடு எழுத முடியவில்லை. ஏனென்றால் ஒளித்துவைத்த நோய்தான் பரவும் நோய். தனிப் பாயில் பயந்து படுத்திருந்தவர் மருந்துக்கு வெளியே வரவில்லை. அதே கூரைக்குக் கீழே, அதே காற்றில், அவருடைய பேரப்பிள்ளைகள் தூங்கினார்கள்.

வந்தவாசிக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவே, தெற்கே பிரியும் கிளைச்சாலையில் இருக்கிறது தேசூர். பேரூராட்சி. ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கும் சேலை ஆரணி நகரத்துக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை. சுற்றிலும் உள்ள இப்படிப்பட்ட ஊர்களின் வீடுகளில், பாவும் பட்டும் வாங்கிவந்து கூலிக்கு நெய்கிறார்கள். ஒரே அறையில் தறி, அடுப்பு, தொட்டில். ஆண் தறியில், பெண் தார் சுற்றும் இராட்டையில், தாத்தா பாவை ஒழுங்கு பார்க்க, குழந்தைகள் இடையில். தொழுநோய் கேட்பது நீண்டகால நெருக்கம்தான். வயலில் வேலை செய்கிறவருக்குப் பகலெல்லாம் வெட்டவெளி. நெசவாளிக்கு அது இல்லை. தெருவில் இறங்காமலே சம்பாதிக்க முடிகிற தொழில் என்பதால், முகத்தில் தடிப்பு தெரியத் தொடங்கிய பிறகும் ஒருவர் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடலாம். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எழுந்துகொள்ளும் அவமானமும் நேராது. அந்த மறைவே வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்பது என் கணிப்பு.

நெசவாளியின் உடம்பில் இந்த நோய் எங்கே கைவைக்கிறது என்று பாருங்கள். கிருமிக்குப் பிடித்த இடம் உடம்பின் குளிர்ந்த பகுதிகளில் ஓடும் நரம்பு. முழங்கைக்குப் பின்னால், தொட்டால் தட்டுப்படும் நரம்பு முதலில் தடிக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், பிறகு மடங்கிக்கொள்ளும். அறுந்த பட்டிழையை எடுத்து முடிவது, புதுப் பாவைப் பழைய பாவோடு ஆயிரக்கணக்கான இழைகளாகப் பிணைப்பது, எல்லாமே விரல்நுனி அறியும் வேலை. விரல் மரத்தவர் இழையைக் கண்ணால் தேட வேண்டியிருக்கும். குழித்தறியில் வெறுங்காலால் மிதியை அழுத்துகிறபோது உள்ளங்காலில் புண் வந்தால் அது வலிக்காது. வலிக்காததால் மறுநாளும் மிதிப்பார். புண் எலும்பு வரை போகும். விரல் அழுகி விழுவது நோயினால் அல்ல, வலி தெரியாமல் போனதால்தான் என்பதை உலகத்துக்கு உறுதிப்படுத்திய மருத்துவர் பால் பிராண்ட் பணியாற்றியது பக்கத்து வேலூரில். இரவில் நோயாளிகளின் விரல் எப்படிக் குறைகிறது என்று தேடியபோது, தூங்கும்போது எலி கடித்துத் தின்பதை அவருடைய குழுவினர் கண்டுபிடித்தார்கள். கடி உறைக்காததால் நோயாளி விழிக்கவில்லை. அதன்பின் வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் பூனை வளர்க்கச் சொன்னார்கள்.

தேசூரிலிருந்து கண்ணை எடுத்துச் சற்றுத் தொலைவாகப் பார்க்கலாம். தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்துச் சாடியில் வளர்க்க முடியாது. ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடம்பில் வளர்த்து எடுத்த கிருமியின் முழு மரபணு வரிசையை 2001ல் வெளியிட்டார்கள். அந்தக் கிருமி ஆதியில் தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அதன் அடையாளம் டிஎன். உலகத்தில் எங்கு கிடைக்கும் தொழுநோய்க் கிருமியையும் இன்று இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிட்டுப் பல கண்டங்களின் கிருமிகளை வகைப்படுத்தியவர்கள், மனிதர் குடிபெயர்ந்த வழியும் வணிகம் நடந்த வழியும் கிருமியின் வம்சாவளியில் பதிந்திருப்பதைக் கண்டார்கள். சீனப்பட்டு மேற்கே போன பெருவழி அவற்றில் ஒன்று. ராஜஸ்தானின் பாலாதலில் சுமார் 4,000 வருடத்துக்கு முந்தைய எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடயம் இருக்கிறது. ஆக, நீண்ட கணக்கில் பார்த்தால் இந்த நோயும் சாலையில்தான் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு நூற்றாண்டுகளில் ஓடுகிறது. ஒரு மனிதனின் ஆயுளில் அது ஒரு வீட்டின் நீள அகலத்தைத் தாண்டுவதே அரிது.

சேத்துப்பட்டில் தூர இருந்தே தெரிவது லூர்து மாதா கோயில். நோயாளிகள் தேடி வந்தது ஜெர்மன் தொழுநோய் உதவிச் சங்கத்தின் துணையோடு வளர்ந்த புனித தோமையார் மருத்துவமனையை. அறுவை சிகிச்சை, புண் சிகிச்சை, செருப்பு தைக்கும் இடம், சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போகும் வண்டிகள் எல்லாம் இருந்தன. செருப்பைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். மரத்த காலைக் காப்பாற்றியதில் மாத்திரைக்கு அடுத்த இடம் நுண்துளை ரப்பர் செருப்புக்குத்தான்.

டாப்சோனை மட்டும் வருடக்கணக்கில் கொடுத்ததில் கிருமி அதற்குப் பழகிவிட்டது. 1981ல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. வாழ்நாள் முழுக்க என்றிருந்த மருந்து, இன்று ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். முதல் மாத்திரை விழுங்கிய சில நாளிலேயே நோயாளியிடமிருந்து தொற்றுவது நின்றுவிடும். சிறுநீர் சிவக்கும், குளோஃபசிமினால் தோல் கறுக்கும். தோல் கறுத்தால் தெரு கண்டுபிடித்துவிடும் என்று மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அப்படியிருந்தும் பழைய மாவட்டங்களின் புள்ளிகள் இருபது வருடத்தில் மளமளவென்று மறைந்தன. வீடு வீடாகப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்த, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பஞ்சால் தொட்டுப் பார்த்த களப்பணியாளர்களின் உழைப்பு அதில் பெரும்பங்கு. அவர்களின் பெயர் எந்த நூலிலும் பெரிதாக இல்லை.

சாலை போளூரில் முடிகிறது. அங்கிருந்து ரயிலில் ஏறினால் களம்பூரில் இருக்கும் ஆரணி சாலை நிலையத்தையும் வேலூரையும் கடந்து காட்பாடி. அதற்கு அருகில் கரிகிரி. 1947ல் செங்கல்பட்டில் காக்ரேனைப் பார்க்கப் போன பிராண்ட், அங்கே மடங்கிய கைகளைப் பார்த்துவிட்டு வந்து, மறு வருடம் வேலூரில் முதன்முதலாகத் தசைநாரை இடம்மாற்றி ஒரு கையை விரித்தார். 1955ல் கரிகிரியில் ஷெஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா எட்டியது. ஒழிந்துவிட்டது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். தனித் தொழுநோய்ப் பணியாளர்கள் பொதுச் சுகாதாரத்தில் கரைந்தார்கள், வீட்டுக்கு வந்து தேடுவது குறைந்தது. 2016ல் மறுபடி வீடு வீடாகத் தேடியபோது நாட்டில் பல்லாயிரம் புதிய நோயாளிகள் கிடைத்தார்கள். 2022ல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட சுமார் 1,74,000 பேரில் இந்தியர் 1,03,000க்கு மேல். தேடாத இடத்தில் நோய் இல்லை என்று எழுதப்பட்ட வரைபடத்தை நான் நம்புவதில்லை.

இப்போது புதிதாக ஒருவருக்கு நோய் தெரிந்தால், அவரோடு பழகியவர்களுக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுத்துத் தடுக்கப் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018ல் இதைப் பரிந்துரைத்தது. நோய் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பதை ஒப்புக்கொண்ட முறை இது, அதனால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் மாத்திரையை நீட்டினால் எதற்கென்று கேட்பார். ஆகவே நோயாளி சம்மதித்தால்தான் அவர் வீட்டைத் தாண்டி மாத்திரை போகலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய நெசவுத் தெருவில், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன் அந்தச் சம்மதத்தைத் தருவாரா என்பதில்தான் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு மாத்திரை கிடைப்பது இருக்கிறது.