நீர் திரும்பும் உலகம்

சென்னையினின்று புதுச்சேரிக்குக் கடலோரமாகச் செல்லும் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இங்குள்ள சோழர் காலத்துக் கோயிலின் இறைவனுக்குப் பூமீசுவரர் என்று பெயர். ஊரை அடுத்துக் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. மரம் இல்லை, நிழல் இல்லை. வெள்ளைக் குவியல்களும், வானத்தைக் காட்டும் பாத்திகளுமே எங்கும் தோன்றும்.

உப்பு விளையும் முறை எளியது. ஆயினும் கவனித்துக் காணத் தக்கது. உப்பங்கழியின் நீரையும் நிலத்தடி உப்புநீரையும் பாத்திகளில் பாய்ச்சுவர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. வெயிலும் காற்றும் நீரை மெல்ல மெல்லக் கவர்ந்து செல்லும். முதலில் சுண்ணாம்பும், பின்னர் ஜிப்சமும் தரையில் படியும். நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே நாம் உண்ணும் உப்பு பூக்கத் தொடங்கும். எஞ்சிய கைப்பு நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும். அதனை வடித்துவிட்டு, நீண்ட கழியில் பூட்டிய பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுவர்.

ஒரு பங்குனி மாதத்தில் நான் அவ்வளங்களைக் காணச் சென்றேன். வரப்பின் மீது ஒரு குடம், ஈரத்துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அதிலிருந்து எனக்கு நீர் வார்த்துக் கொடுத்தார். ஊருக்குள்ளிருந்து காலையில் தலைச்சுமையாகக் கொண்டுவந்த நீர் அது. அது தீர்ந்துவிட்டால் அன்றைய வேலையும் தீர்ந்தது. நான் ஆசிரியன் என்பதை அறிந்ததும் அவர் கேட்டார்:

“ஐயா, செவ்வாயிலே தண்ணீர் இருக்கிறது, மனிதர் அங்கே குடியேறலாம் என்று என் பேரன் படித்துக் காட்டினான். தண்ணீர் இருந்தால் மட்டும் போதுமா? இங்கே இல்லாத தண்ணீரா?”

பாத்திகளை நோக்கி அவர் கையை வீசினார். வானநூல் வல்லார் கேட்கும் வினாவும் ஏறக்குறைய இதுவேயாகும்.

அப்பாத்திகளில் உயிர் இல்லை என்று எண்ணிவிடலாகாது. நீர் முற்றி வரும்போது சில பாத்திகள் இளஞ்சிவப்பு நிறம் கொள்கின்றன. மிகு உப்பிலே வாழும் நுண்ணுயிர்களும் நுண்பாசிகளும் தரும் நிறம் அது. அவற்றுக்கு அது நல்வாழ்வு. நாமோ அந்நீரைக் குடித்தால், உடலிலுள்ள நீரையும் இழப்போம். கடல்நீரின் உப்பைக் கூட நீரினும் செறிவாக்கி வெளியேற்ற நம் சிறுநீரகத்துக்கு வலிமை இல்லை. ஆகவே, “உயிர் வாழத் தக்க கோள்” என்பது வேறு. “மனிதன் வாழத் தக்க கோள்” என்பது வேறு. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

அம்மூதாட்டியின் குடத்து நீர் எங்கிருந்து வந்தது? பாத்தியிலும் கடலிலும் ஆவியான நீர் உப்பைக் கீழே விட்டுவிட்டுத் தூய நீராக மேலே செல்கிறது. அது வானவெளிக்குத் தப்பிவிடாமல் தடுப்பது யாது? நம் நாட்டுக்கு மேலே, 16 அல்லது 17 கிலோமீட்டர் உயரத்தில், காற்று பூச்சியத்துக்குக் கீழ் 80 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துள்ளது. அந்தக் குளிர்க் கூரையைக் கடப்பதற்குள் நீராவி பெரும்பாலும் பனித்துகளாய் உறைந்து விழுந்துவிடுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையாக இறங்கி, மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரியை நிரப்புகிறது. அளத்துக்காரருக்கு மழை பகை. குவித்த உப்பைக் கரைத்துவிடும். ஆனால் அவர்களுடைய குடத்தை நிரப்புவதும் அப்பகையே.

செவ்வாயில் இந்தச் சுழற்சி அறுந்துவிட்டது. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு ஆறுகளும் ஏரிகளும் இருந்தன. நம் அளத்தில் படியும் அதே ஜிப்சத்தை, அங்குள்ள பாறைப் பிளவு ஒன்றில் ‘ஆப்பர்சூனிட்டி’ என்னும் ஊர்தி 2011ஆம் ஆண்டில் கண்டது. நீர் இருந்து வற்றியதற்கு அது சான்று. வற்றிய நீரில் ஒரு பகுதி பாறைகளுக்குள் சிறைப்பட்டது. ஒரு பகுதி பனியாக உறைந்தது. ஒரு பகுதி கதிரவன் ஒளியால் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிளவுபட, இலேசான ஹைட்ரஜன் வானவெளிக்கு ஓடிவிட்டது. இதனை எவ்வாறு அறிந்தனர்? பாத்தியில் எஞ்சிய உப்பைக் கொண்டு, போன நீரை மதிப்பிடுவது போலவேதான். ஹைட்ரஜனில் இருமடங்கு எடையுள்ள வகை ஒன்று உண்டு. அது எளிதில் தப்பாது. அதன் விகிதம் பூமியில் உள்ளதைவிடச் செவ்வாயில் ஐந்து மடங்குக்கும் மேலாகும். இதே சோழமண்டலக் கரையில், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5ஆம் நாள் புறப்பட்ட மங்கள்யானின் ஐந்து கருவிகளுள் ஒன்று, இவ்விகிதத்தை அளப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

இன்று செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே குடத்து நீரைத் தரையில் கொட்டினால், ஒருபுறம் கொதிக்கும், மறுபுறம் உறையும். மண்ணிலோ தைராய்டுச் சுரப்பிக்குத் தீங்கிழைக்கும் பெர்க்குளோரேட்டு என்னும் உப்பு கலந்திருப்பதை 2008ஆம் ஆண்டில் ‘பீனிக்ஸ்’ கலம் கண்டறிந்தது. வெள்ளியைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. 460 டிகிரி வெப்பத்தில் யாருக்கும் அங்கு வேலை இல்லை.

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் எத்தகையன? 1995ஆம் ஆண்டில் மேயர், கெலோ என்னும் இருவர், கதிரவனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோளை முதன்முதலாகக் கண்டனர். இன்று அறியப்பட்டவை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை. நீர் நீராகவே நிற்பதற்குரிய தொலைவில் கோள் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கின்றனர். அத்தொலைவு நற்சான்றிதழ் ஆகிவிடாது. காற்று இல்லாத கோள் எத்தொலைவில் இருந்தென்ன? நம் நிலவும் கதிரவனிலிருந்து நல்ல தொலைவிலேதான் உள்ளது.

ஏறத்தாழ நாற்பது ஒளியாண்டுத் தொலைவில் ‘டிராப்பிஸ்ட்-1’ என்னும் சிறிய செந்நிற விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுகின்றன. அத்தகைய விண்மீன்கள் அடிக்கடி சீறி எழுந்து, அருகிலுள்ள கோள்களின் காற்றை அரித்துவிடக் கூடியவை. ஏழனுள் முதலாவதில் காற்று இல்லை என்றே தோன்றுவதாக, வெப் தொலைநோக்கி கொண்டு ஆராய்ந்தவர்கள் 2023ஆம் ஆண்டில் அறிவித்தனர். நான்காவது கோள் நல்ல தொலைவில் இருப்பது. கோள் விண்மீனைக் கடக்கும்போது அதன் விளிம்பினூடே ஊடுருவி வரும் ஒளியை அத்தொலைநோக்கி பகுத்துப் பார்க்கிறது. அக்கோளைப் பற்றிய முதல் முடிவுகள் 2025ஆம் ஆண்டில் வெளிவந்தன. காற்று உண்டு என்றோ இல்லை என்றோ அவற்றைக் கொண்டு உறுதி கூற இயலவில்லை. அங்கு மழை பெய்யுமா என்னும் வினா, அதற்குப் பின்னர் எழ வேண்டியது.