ஊர் திரும்புவோருக்கு ஒரு விளையாட்டு

நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குக்குத் திரும்பிப் போகிற என்னைப் போன்றவர்கள் அங்கே முதலில் தேடுவது கிணற்றைத்தான். 1990இல் சனம் வெளியேறிய பிறகு உயர் பாதுகாப்பு வலயமாகி, போர் முடிந்தபின் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்ட காணிகள் இவை. வேலி கிடையாது, பல வளவுகளில் வீடும் கிடையாது. கிணறும் கோயிலும்தான் எல்லை சொல்கின்றன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் ஓய்ந்தது ஓய்ந்ததுதான். மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் மீனவர் கைக்கு வந்தது. இப்படியோர் இடத்தைப் பார்த்துவந்த கண்ணோடு ‘ஃபோல்அவுட் 4’ என்ற காணொளி விளையாட்டை விளையாடினால், அணுப்போருக்குப் பிந்திய உலகம் என்ற போர்வைக்குள் அது சொல்வது ஊர் திரும்புகிறவனின் கதை என்பது புலப்படும். அதன் மூல விளையாட்டு, திரும்பி வருகிறவனுக்கு முகஸ்துதி பாடுகிறது. அதே தொடரில் பின்னிணைப்பாக வெளிவந்த விரிவாக்கங்கள் அவனைக் கூண்டில் ஏற்றுகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவதே அதிகம் பயன்படும் என்பது என் வாதம்.

பெதெஸ்டா நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்ட இவ்விளையாட்டின் கதை 2077 ஒக்டோபர் 23ஆம் நாள் பொஸ்டன் புறநகரொன்றில் தொடங்குகிறது. குண்டு விழுகிறது, குடும்பம் நிலவறைக்குள் ஓடி உறைநிலையில் வைக்கப்படுகிறது. நாயகனோ நாயகியோ விழித்து வெளியே வரும்போது 2287. இருநூற்றுப் பத்து ஆண்டுகள் போய்விட்டன. அவருக்கோ நேற்றுப் போலத்தான் இருக்கிறது. வீட்டு வாசலில் கொட்ஸ்வேர்த் என்ற வேலைக்கார ரோபோ இன்னும் காத்திருக்கிறது. இடிந்த வீட்டைத் தூசு தட்டியும் துருவேறிய காரைத் துடைத்தும் காலம் கழித்ததாக அழாக்குறையாகச் சொல்கிறது. புலம்பெயர்ந்தவரின் மிக இரகசியமான ஆசை இதுதான்: நான் இல்லாத காலமெல்லாம் ஊர் எனக்காக அசையாமல் நின்றிருக்க வேண்டும். ஆனால் அதே விளையாட்டின் பொஸ்டன் அப்படி நிற்கவில்லை. ஃபென்வே பார்க் பேஸ்போல் மைதானத்துக்குள் ஒரு நகரமே குடியேறியிருக்கிறது. பங்கர் ஹில் நினைவுத்தூணின் அடியில் சந்தை கூடுகிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பேஸ்போல் என்றால் என்னவென்றுகூடச் சரியாகத் தெரியாது. அதனால் அவர்களுக்கு ஒரு குறையுமில்லை.

இந்த உண்மையைக் காட்டிய கையோடு விளையாட்டு அதை மறந்தும்விடுகிறது. வந்து சில மணி நேரத்துக்குள் நாயகன் மக்கள் படையின் தளபதியாகிறான். சிவப்பு வேலைமேசையில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுற்றியுள்ள நிலம் அவன் பொறுப்பில். பாழ் வீடுகளைப் பிரித்துப் பலகையும் இரும்பும் எடுத்துப் புது வீடு கட்டலாம். யாரிடமும் காணி உறுதி கேட்க வேண்டியதில்லை. நிஜத்தில் காணி அவ்வளவு எளிதில் பேசாது. இலங்கையில் பத்து ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம். போரால் திரும்ப முடியாமற்போனவர்களைக் காக்க 2016இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இன்னும் கூர்ந்து பார்த்தால், இக்கதையில் உண்மையான அகதிகள் வேறு ஆட்கள். குவின்சி என்ற ஊரில் கூலிப்படை நடத்திய கொலைகளுக்குத் தப்பி வந்த சிலர் நாயகனின் பழைய தெருவில் குடியேறுகிறார்கள். மகனைப் பறிகொடுத்த மார்சி லோங் எப்போதும் எரிந்து விழுவாள். விளையாடுவோர் பலருக்கு அவள் வெறும் தொல்லை. அவளைத் தோட்ட வேலைக்கு அனுப்பலாம். குவின்சியிலிருந்து கூலிப்படையைத் துரத்தவும் முடியும். ஆனால் அங்கே மறுபடி குடியேற்ற முடியாது. மீளக் கட்டக்கூடிய சுமார் முப்பது இடங்களில் குவின்சி இல்லை.

இது பொழுதுபோக்கு, இதில் காணிச் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். சட்டம் வேண்டாம்தான். ஆனால் கட்டுவதை இன்பமாகவும் கேட்பதைத் தேவையற்றதாகவும் வடிவமைத்தது ஒரு தெரிவு. அதை நூறு மணி நேரம் பழகுகிறவர் அந்த மனநிலையையும் பழகுகிறார். மீளக் கட்டுவது நல்ல காரியமில்லையா என்ற கேள்வி இதைவிட வலுவானது. நல்ல காரியமே, கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் வெளிநாட்டுப் பணம் வராத ஊர் யாழ்ப்பாணத்தில் அரிது. என் மறுப்பு கட்டுவதற்கு அல்ல. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நலன்புரி முகாம்களில் கிடந்தவர்களுக்கு என்ன தேவை என்று கேட்காமல், தன் நினைவில் இருக்கும் ஊரைக் கட்ட முனைவதற்குத்தான் என் மறுப்பு.

விரிவாக்கங்கள் இந்த இடத்தைத்தான் தொடுகின்றன. 2016 மே மாதம் வந்த ‘ஃபார் ஹார்பர்’ மெய்ன் மாநிலக் கரையோரத் தீவொன்றுக்குக் கூட்டிப்போகிறது. அங்கே நாயகன் வெளியாள். மூடுபனியால் உள்நிலத்தை இழந்து துறைமுகத்தில் ஒதுங்கிய மக்கள், அந்தப் பனியையே வழிபடும் கூட்டம், செயற்கை மனிதர்களின் குடியிருப்பு என மூன்று தரப்பு; ஒவ்வொன்றின் வழக்கிலும் நியாயமுண்டு. டீமா என்ற செயற்கை மனிதன் நாயகனிடம் அவனுடைய மிகப் பழைய நினைவு எதுவென்று விசாரிக்கிறான். விளையாடுகிறவருக்குத் தெரிந்ததோ குண்டு விழுந்த அந்த ஒரு காலை மட்டுமே. புறப்பட்ட நாளிலேயே உறைந்த ஊரைச் சுமந்து திரிகிறவர்கள் இக்கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஆகஸ்டில் வந்த ‘நூகா வேர்ல்ட்’ இன்னும் கடுமை: கொள்ளைக்காரரின் தலைவனாகி, தானே கட்டிக்கொடுத்த குடியிருப்புகளைத் தானே பறிக்க வழிவிடுகிறது. இங்கும் முடிவெடுப்பவன் வந்தேறிதானே என்றால், ஆம். ஆனால் ஃபார் ஹார்பரில் அவன் மூன்று தரப்பையும் சமாதானமாக வைக்கும் வழி, ஒரு மதத்தலைவரை அகற்றி அவர் இடத்தில் போலியை வைப்பது. வெளியாள் கொண்டுவரும் அமைதியின் விலையை விளையாட்டு மறைக்கவில்லை.

இதே தொடரின் ‘நியூ வேகஸ்’ விளையாட்டுக்கு ஒப்சிடியன் நிறுவனம் 2011இல் செய்த ‘லோன்சம் ரோட்’ இவை எல்லாவற்றிலும் நேர்மையானது. நாயகன் ஒரு தபால்காரன். அவன் போக்குவரத்தால் உயிர்பெற்ற ஊர், அவன் கொண்டுவந்த ஒரு பொதியாலேயே அழிந்தது. நிலத்தடி அணுகுண்டுகளை அது எழுப்பிவிட்டது. அவனுக்கு அது நினைவே இல்லை. யுலிஸஸ் என்பவன் நினைவில் வைத்திருந்து கணக்குக் கேட்கிறான். நான் உருவாக்கிய பாத்திரத்தின் மேல் நான் அறியாத கடந்தகாலத்தை ஏற்றுவது அநியாயம் என்று பலர் குறைபட்டார்கள். அந்த அநியாயமே அதன் பலம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு அனுப்பிய பணமும் பேச்சும் அங்கே என்ன செய்தன என்பது அனுப்பியவருக்கு மறந்திருக்கலாம். அங்கே இருந்தவருக்கு மறக்காது.

ஆகவே விளையாட விரும்பும் புலம்பெயர்ந்தோருக்கு ஒன்று சொல்வேன். மூல விளையாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். விரிவாக்கங்கள் வரை போங்கள். ஊருக்குப் போகும்போதும் தளபதியாகப் போகாதீர்கள். அங்கேயே இருந்தவர்களிடம் முதலில் கேளுங்கள், பிறகு கட்டுங்கள். அவர்கள் கணக்குக் கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.