உப்புக் கரித்த ஐஸ்கிறீம்

சாக்குக்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் ஐஸ். பாசையூர்ப் பக்கம் மீனுக்குப் போடுகிற ஐஸ்தான். பெரியண்ணை அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து சேருவதற்குள் அரைவாசி தெரு நெடுகச் சொட்டிவிட்டிருந்தது. 1986 ஆவணி விடுமுறை. எனக்குப் பத்து வயது. நல்லூர்க் கொடியேறி நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

நல்லூருக்குப் போனால் கூல்பாருக்குள் நுழையாமல் வீடு திரும்புவது பாவம் என்றே நாங்கள் நம்பியிருந்தோம். உயரக் கிளாசில் மூன்று நிற ஐஸ்கிறீம், மேலே குத்திவைத்த வேபர், அடியில் ஜெலியும் பழத்துண்டுகளும். அதற்குப் பெயர் ஸ்பெஷல். ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து ஸ்பெஷல் என்று கணக்குப் பார்த்த ஐயா, தண்ணீர்ப்பந்தலைக் காட்டி மோர் குடிக்கச் சொன்னார். நல்ல மோர்தான். ஆனால் பத்து வயதில் சும்மா கிடைக்கிற மோருக்கு என்ன மதிப்பு? வரும் வழியில் என் முகத்தைப் பார்த்த பெரியண்ணை, "உதென்ன பெரிய வித்தையே? வீட்டிலை செய்யலாம்" என்றார்.

அவர் அப்போது ஓ.எல். வகுப்பு. ஐஸ் தனியே சுழியம் பாகையோடு நின்றுவிடும், சீனி கரைத்த பால் அந்தக் குளிருக்கு உறையாது, உப்புக் கலந்தால் ஐஸ் உருகி, உருகும்போது சுற்றியிருக்கிற சூட்டை இழுத்து, சுழியத்துக்குக் கீழே 20 பாகைவரை இறங்கும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்புவித்தார். உப்புக்குக் குறைவில்லை. குசினி மூலையில் ஒரு முட்டி நிறைய ஆனையிறவுக் கல்லுப்பு கிடந்தது.

பருவம் முடிகிற நேரத்துக் கறுத்தக்கொழும்பான் நாலைப் பிசைந்து வடித்தோம். லக்ஸ்பிறேயைத் தடிப்பாகக் கரைத்து, சீனி போட்டு, எல்லாவற்றையும் ஒரு பால்மா ரின்னில் ஊற்றி மூடி, வாளிக்குள் இறக்கினோம். சுற்றிவர உலக்கையால் இடித்த ஐஸ் ஒரு படை, உப்பு ஒரு படை. பிறகு ரின்னைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். ஆளுக்கு நூறு தரம். கொஞ்ச நேரத்தில் ரின்னின் வெளிப்புறம் விபூதி பூசியதுபோல வெளுத்தது. தங்கச்சி நகத்தால் அதில் தன் பெயரைக் கீறினாள். கீறி முடியுமுன்னே முதலெழுத்து மூடிக்கொண்டது. எங்கள் விரல்கள் மரத்துப்போய், யாருடையவோ போல இருந்தன. இடையிடையே மூடியைத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை அகப்பைக் காம்பால் சுரண்டி நடுவுக்குத் தள்ளுவது பெரியண்ணையின் வேலை.

அங்கேதான் பிழைத்தது. ஐஸ் உருகி வாளித் தண்ணீர் ஏறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. முதல் கரண்டி நாக்கில் மாம்பழமாக இறங்கி, தொண்டைக்குள் போகும்போது கடலாகக் கரித்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அம்மம்மா மட்டும் தன் பங்கை வழித்துத் தின்றார். "மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்னிறதுதானே, பழத்துக்குத் தொட்டால் என்ன குறைஞ்சு போச்சு?"

வீட்டில் விருந்தாளிக்கென்று அலுமாரியில் இருந்தது தோலகட்டி நெல்லி ரசம். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் மடத்தில் துறவிகள் செய்வது. சைவ வீடு, வேத வீடு என்ற பேதம் அந்தப் போத்தலுக்கு இருக்கவில்லை. இரண்டு விரற்கடை ஊற்றித் தண்ணீர் விட்டுக் கலக்கினால் போதும். முதலில் துவர்ப்பு, பிறகு புளிப்பு, கிளாசை வைத்த பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு. எங்களுக்கு அது எட்டுவதே விருந்தாளி மிச்சம் வைத்தால்தான். மரியாதைக்கு மிச்சம் வைக்கிற விருந்தாளிகளை நாங்கள் மிகவும் நேசித்தோம்.

1990 ஆனியில் சண்டை மறுபடியும் மூண்டு, கரண்ட் போனது. பொருளாதாரத் தடை வந்தது. வசாவிளான், பலாலிப் பக்கமெல்லாம் ஊரோடு பெயர்ந்தது. தோலகட்டியும் அதற்குள் அகப்பட்டது. ஆனையிறவு உப்பளமும் நின்றது. ரெஜிபோம் பெட்டியோடு ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிற ஐஸ்பழக்காரர் எங்கள் ஒழுங்கையை மறந்தார். ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு, குளிர் என்பது மண்பானையும் கிணறும் மட்டும்தான் என்றாயிற்று.

சீனி விலை ஏறியதால் விளாம்பழத்தைப் பனங்கட்டி போட்டுக் கரைத்தார் அம்மா. அதைவிட மேலானது கருப்பணி. பங்குனி, சித்திரையில் விடியப்புறம் வளவுப் பனையில் இருந்து முட்டி இறங்கும். உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால் கள்ளாகப் புளிக்காது. சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி, பச்சை மாங்காயைச் சீவிப் போடுவார்கள். மாங்காய்ப் புளிப்பு சுண்ணாம்புக் காரத்தை அடக்க, இனிப்பு முன்னுக்கு வரும். குடித்து முடித்து, ஊறின துண்டைக் கடிப்பதுதான் உச்சம். பனையோலைப் பிளாவில் குடிப்பது எங்களுக்கு விளையாட்டு. அந்தப் பிளாவைக் கோலித் தந்தவருக்கு எங்கள் வீட்டு மூக்குப்பேணி ஒருநாளும் நீட்டப்படவில்லை என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது. கருப்பணிக்குள் ஐஸ் போட்டும் பின்னாளில் குடித்துப் பார்த்தேன். நாக்கு மரத்து இனிப்புச் செத்துப்போகிறது. விடியற்காலைப் பனையின் குளிர் அதற்கு அளவானது.

அலுமாரியில் கடைசியாக ஒரு நெல்லிப் போத்தல் மிஞ்சியிருந்தது. 1995இல் பெரியண்ணை வெளிநாட்டுக்கென்று கொழும்புக்குப் புறப்பட இருந்த கிழமை, அதை உடைப்போம் என்று அம்மா சொன்னார். கலந்து குடிக்கிற ரசத்தைப் போத்தலோடு குளிரவைக்கத் தேவையில்லை. தண்ணீரைக் குளிரவைத்தால் போதும். ஆனால் எங்களுக்கு எல்லாமே குளிராக வேண்டும். கழுத்தில் கயிறு கட்டி இரவு கிணற்றுக்குள் இறக்கினோம். காலையில் இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது.

அந்த ஐப்பசியில் ஊரே தென்மராட்சிக்கு நடந்தது. 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்து கிணற்றை இறைத்தோம். இரண்டு வாளி, ஒரு செம்பு, துருப்பிடித்த பூட்டொன்று சேற்றோடு வந்தன. போத்தல் வரவில்லை, கண்ணாடித் துண்டுகூட இல்லை.

இப்போது ஆனையிறவு உப்பு மறுபடியும் கடைக்கு வருகிறது. ஒரு பக்கெற் வாங்கிப் படமெடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. கிணற்றில் முடிச்சுப் போட்டது நான்தான் என்று முப்பது வருடமாகச் சொல்கிறார் பெரியண்ணை. அன்றைக்கு ரின் மூடியை இறுக்காமல் விட்டது நீங்கள்தானே என்றேன்.

"கடைசியாத் திறந்து நக்கினது ஆர்?" என்றார்.