சாதுக் குழந்தை

எங்கள் பேரன் பிறந்த புதிதில், வீட்டிற்கு வந்தவர்களிடமெல்லாம் நான் ஒரே பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்: "குழந்தை அழுவதே இல்லை, மகா சாது." அந்தப் பெருமை எத்தகைய அறியாமை என்பதை உணர எனக்குப் பதினாறு நாட்கள் ஆயின. நம் சங்கத்து இளந் தாய்மார்களும், அவர்களுக்கு யோசனை சொல்லும் என் வயதுப் பெண்மணிகளும் அறிந்துகொள்ள வேண்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

தஞ்சைப் பக்கத்திலிருந்து உத்தியோக நிமித்தம் சித்தூருக்கு வந்து குடியேறியவர்கள் நாங்கள். மகளைத் திருப்பதியில் கொடுத்திருக்கிறோம். சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி பிரிந்து தனி மாவட்டமான 2022-ஆம் ஆண்டில், அவள் தலைப்பிரசவத்திற்காக எங்கள் இல்லம் வந்தாள். ஆவணியில் ஆண் குழந்தை பிறந்தது. எடை 2,800 கிராம். ஐந்தாம் நாள் 2,560 கிராம். முதற் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பே என்று கூறி வீட்டிற்கு அனுப்பினார்கள்.

வீட்டில், குழந்தை மார்பில் வாய் வைத்த சிறிது நேரத்திலேயே உறங்கிவிடுவான். மூன்று நான்கு மணி நேரம் எழமாட்டான். வயிறு நிறைந்த பிள்ளை என்று நான் மகிழ்ந்தேன். துணி நனைவது குறைந்ததையும் கருதவில்லை. ஓரிரவு மகள், "அம்மா, இவன் கால்கள் மெலிந்தது போல் தோன்றுகிறது. பவுடர் பால் ஏதேனும் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்போமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் பெற்ற மூவரும் டப்பாப் பாலையே அறியாதவர்கள். நம் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லையம்மா" என்று அவள் வாயை அடைத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் மாப்பிள்ளை வந்தார். குழந்தையைக் கையில் வாங்கியதும் அவர் முகம் வாடியது. அன்றே காரில் திருப்பதி புறப்பட்டோம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரம். சந்திரகிரிக் கோட்டையைக் கண்டால் திருமலையானை நினைத்துக் கைகூப்புவது என் வழக்கம். அன்றோ, கண் விழிக்காத குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே சென்றேன்.

தராசு 2,590 கிராம் காட்டியது. டாக்டர் அம்மையார் தெலுங்கர். தமிழும் நன்றாகப் பேசினார். "இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையை எட்டியிருக்க வேண்டும். பின்னர் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்க வேண்டும். ஆறு முறையேனும் சிறுநீர் கழிய வேண்டும். அழாத குழந்தையெல்லாம் பசியாறிய குழந்தை அல்ல, பாட்டியம்மா. அழுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா?" என்றார். நான் தலை கவிழ்ந்தேன்.

மகளை அருகில் அமர்த்திப் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டுமே பற்றியிருந்தான். வாயை நன்கு திறக்கச் செய்து, கருவளையத்தின் பெரும்பகுதியும் உள்ளே செல்லுமாறு பிடிக்கக் கற்பித்தார். இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழுப்பியாவது பால் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மார்பில் எஞ்சியதைப் பீய்ச்சிச் சங்கில் ஊட்ட வேண்டும். குறைவதற்கு மட்டும், அவர் குறித்த அளவில் பவுடர் பால் சேர்க்க வேண்டும் என்றார். "பால் சுரப்பது குழந்தை குடிப்பதைப் பொறுத்தது. குழந்தைக்குத் தெம்பு வந்தால் தாய்க்கும் பால் பெருகும்" என்று விளக்கினார்.

பிறகு என்னிடம், "உங்கள் முதற் குழந்தைக்குப் பால் போதுமான அளவு இருந்ததா?" என்று கேட்டார். 'இருந்தது' என்று சொல்ல வாய் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் மூத்தவன் பிறந்தபோது, கைக்குழந்தைக்காரியான என் அண்ணி, "இங்கே கொடு" என்று அவனை வாங்கித் தன் மடியில் இட்டுப் பால் கொடுத்ததை எப்படி மறந்தேன்! எனக்கும் பால் குறைந்துதான் இருந்தது. கூட்டுக் குடும்பம் அதனைச் சத்தமின்றி ஈடு செய்தது. என் மகளுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் அண்ணி இல்லை. அவ்விடத்தில்தான் அந்த டப்பா வந்து நின்றது.

டப்பாப் பாலின் மேல் நான் கொண்டிருந்த அச்சம் முற்றும் பிழையன்று. 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார், குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டின் பாலைப் பரிந்துரைப்பது கொலைக்கு ஒப்பானது என்று ரோட்டரி சங்கக் கூட்டத்தில் கண்டித்தார். குழந்தைப் பால் உணவுகளுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்க நம் நாட்டில் 1992-இல் சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் வியாபாரி விளம்பரத்தால் விற்பது வேறு. மருத்துவர் தராசைப் பார்த்து அளந்து தருவது வேறு.

என் பெட்டியில் கிடந்த பழைய வெள்ளிச் சங்கு வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் அதனைக் கொதிநீரில் இட்டு எடுத்தோம். கொதித்து ஆறத் தொடங்கிய, இன்னும் நன்றாகச் சூடுள்ள நீரை முதலில் அளந்து, டப்பாவில் அச்சிட்டுள்ளபடி கரண்டியைத் தலை தட்டிப் பவுடரைக் கலந்து, பின் ஆற்றி ஊட்டினோம். மிஞ்சியதைக் கொட்டினோம். "கெட்டியாக இருந்தால் செரிக்காது, தண்ணீர் கூட்டுங்கள்" என்றாள் அடுத்த வீட்டு அம்மாள். இம்முறை நான் கேட்கவில்லை. நீரைக் கூட்டினால் வயிறு நிறையும், உடல் நிறையாது.

ஒரு வாரத்தில் எடை 2,800 கிராம் ஆயிற்று. அதைவிட எனக்கு மகிழ்ச்சி அளித்தது, ஓரிரவு அவன் வீடே அதிரும்படி அழுததுதான். மகள் சிரித்துக்கொண்டே அவனை எடுத்தாள். பவுடர் பாலின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். மூன்றாம் மாதத்தில் டப்பாவின் தேவை நின்றது. தாய்ப்பால் நிலைத்தது.

சகோதரிகளே! தாய்வீட்டை விட்டுத் தொலைவில், தனித்துப் பிள்ளை பெறும் நம் பெண்கள் பலர். அவர்களிடம் நம் பெருமையைப் பேசுமுன் குழந்தையின் எடையைக் கேட்போம். தாய்ப்பாலுக்கு நிகரில்லை என்பது உண்மை. அதைச் சொல்லிப் பிள்ளையைப் பட்டினி போட்டவள் நான் என்பதும் உண்மை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த என் மகளின் முதுகு இன்றும் என் கண்முன் நிற்கிறது.