ராஜினாமாவில் கையெழுத்திடும் முன்

வேலை போனவருக்காக மனு எழுதுபவர் முதலில் கேட்க வேண்டியது, அவர் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட தாளை. நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தாலும், சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக அதில் ஒரு வரி இருந்துவிட்டால் பாதி மனு அங்கேயே அடிபட்டுப்போகிறது. தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போன காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஆளைக் குறைக்க முடிவெடுத்தது நிர்வாகம் என்றால், அந்த முடிவைத் தொழிலாளி தன் கையால் எழுதித் தரக் கூடாது.

ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு அதை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் சம்பளத்தையும் சேர்த்திருக்கிறது. 2005இல் தொடங்கிய இ.எஸ்.ஐ. வேலையின்மைப் படியான ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவும் ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர ஊனம் ஆகிய காரணங்களுக்கே உரியது. தானாக விலகியவருக்கு இவை எதுவும் இல்லை. பி.எஃப். எப்படிப் போனாலும் வரும். 5 ஆண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டியும் வரும். 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போனார்கள். அந்த நவம்பரில் உற்பத்தியே நின்றது. விருப்ப ஓய்வைச் சட்டம் ஆட்குறைப்பாகக் கொள்வதில்லை. ஆகவே நிர்வாகம் நீட்டும் தொகையை, கைவிடப்போகும் உரிமைகளின் கூட்டுத்தொகையோடு வைத்துப் பார்த்த பிறகே சம்மதிக்க வேண்டும்.

நீக்கப்பட்டவன் என்ற பெயர் வந்தால் அடுத்த கம்பெனி எடுக்காது என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்படுபவர் விஷயத்தில் அந்த அச்சம் நியாயமானதே. அவருக்கு ராஜினாமா மேலாகவும் இருக்கலாம். ஆட்குறைப்போ தண்டனை அல்ல. தவறு தன்னுடையதல்ல என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி. ஓராண்டுக்குள் அதே நிறுவனம் மீண்டும் ஆள் எடுத்தால் ஆட்குறைப்பில் போனவருக்கே முன்னுரிமை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அது கிடையாது.

தறி வீட்டில் நிலைமை இன்னும் மோசம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்பவரை யாரும் நீக்குவதில்லை. அடுத்த பாவு வருவதில்லை, அவ்வளவுதான். அவரே விலக நினைத்தால் வாங்கிய முன்பணம் தடுக்கிறது. இன்னொரு முதலாளி அதைக் கட்டினால், கடன் அங்கே கைமாறுகிறது. அவர் சுயதொழில் செய்பவர், இதில் வேலை நீக்கம் எங்கே வந்தது என்று கேட்கலாம். பாவும் ஜரிகையும் டிசைனும் முதலாளியுடையவை. சேலையில் குறை கண்டால் கூலியில் பிடிப்பவரும் அவரே. துணியை வீட்டுக்கு எடுத்துப்போயும் துண்டுக் கூலிக்குத் தைத்தவர்களைத் தொழிலாளர்களே என்று 1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தைத்தது சரியில்லை என்று திருப்பித் தரும் உரிமை கடைக்கு இருந்ததையும் கணக்கில் கொண்டது. நெசவுக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்பதே என் வாதம். ஆனால் வாதத்துக்கு ஆதாரம் வேண்டும்: பாவு வாங்கிய தேதி, சேலை ஒப்படைத்த தேதி, பெற்ற கூலி. முன்பணத்துக்கு மட்டும் கணக்கு இருக்கும் வரை நெசவாளர் கடன்காரராகவே தெரிவார். கூலிக்கும் பாவுக்கும் முதலாளி கையெழுத்தோடு நோட்டு வேண்டும் என்பதையே நெசவாளர் சங்கங்கள் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.