ஆற்றில் ஒரு வாரமா, ஆற்றங்கரை ரயிலா

மே 12, 2025, திங்கள் – கொலோன்

மகள் ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு பயண விளம்பரப் புத்தகம் கொண்டுவந்தாள். டான்யூப் ஆற்றில் ஏழு இரவுக் கப்பல் பயணம். ஜெர்மனியின் பாஸாவில் ஏறி, ஆஸ்திரியாவில் மெல்க், வியன்னா, அப்புறம் பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் பார்த்துவிட்டுப் பாஸாவிலேயே வந்து இறங்க வேண்டும். "அம்மா, பெட்டியை ஒரு தடவை பிரிச்சா போதும். அப்பா முட்டியை நெனச்சுப் பாருங்க" என்றாள். மாப்பிள்ளை வேறு கட்சி. "கப்பல்ல போனா அவங்க சொல்ற நேரத்துக்கு இறங்கி, அவங்க சொல்ற நேரத்துக்கு ஏறணும் அத்தை. அதே ஊருக்கெல்லாம் ரயில் இருக்கு" என்கிறார். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

எனக்கு வேண்டியது ஆறு. வகுப்பறைச் சுவரில் தொங்கிய ஐரோப்பா வரைபடத்தில் ரைனையும் டான்யூபையும் குச்சியால் தொட்டுக் காட்டியே ஓய்வு பெற்றவள் நான். பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் ஆற்றைக் காட்டுவது எது? அதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கட்டக் கூடாது.

மே 14, புதன் – கொலோன்

பழைய நகரத்தை ஒட்டிய ரைன் கரைக்கு நடந்துபோய்க் கப்பல்களை நேரிலேயே பார்த்தோம். இரண்டு கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருந்தார்கள். வெளிக் கப்பலில் இருப்பவர்கள் உள் கப்பலின் வரவேற்பறையைக் கடந்துதான் கரைக்கு வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளி. அந்தப் பக்கத்து அறைகளில் திரையை விலக்கினால் தெரிவது எதிர்க் கப்பலின் ஜன்னல். கூட்டமான துறைகளில் இதுதான் வழக்கமாம். அடித்தளத்து அறைகளுக்குத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சின்னக் கண்ணாடி மட்டும், அதைத் திறக்க முடியாது. விலை குறைந்த அறைகள் அவைதான்.

பெரிய ஆற்றுக் கப்பல்கள் 135 மீட்டர் வரை நீளம், ஆனால் அகலம் பதினொன்றரை மீட்டர்கூட இல்லை. மைன் ஆற்றிலும் ரைன்–மைன்–டான்யூப் கால்வாயிலும் நீர்ப்பூட்டுகளின் அகலம் 12 மீட்டர். ரைனிலும் டான்யூபிலும் ஓட வேண்டிய கப்பல் அதற்குள் அடங்க வேண்டும். 171 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய் முடிந்தது 1992ல். கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்துக்குக் கப்பலைப் பூட்டுப் பூட்டாக ஏற்றி இறக்குகிறார்கள். வட கடலிலிருந்து நுழைந்த கப்பல் கருங்கடலுக்குப் போய்விடலாம். இதை மனசார ரசித்துச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

கரை பெஞ்சில் ஓர் ஆங்கிலேய அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் போன பிறகு தனியாக வந்திருக்கிறார். ஓர் அறையில் ஒருவராக இருப்பதற்குக் கூடுதல் கட்டணம் கட்டினாராம். "தினமும் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பேச ஆள் இருக்கிறது, எனக்கு அதுவே போதும்" என்றார். ஆற்றை நன்றாகப் பார்க்க முடிகிறதா என்று கேட்டேன். பல இடங்களில் கப்பல் இரவில்தான் போகிறது, காலையில் கண் விழித்தால் அடுத்த ஊர் என்றார். அவருக்கு அது குறையாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

மே 17, சனி – கொலோன்

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் சோதனை. பாஹராஹ் வரை ரயில், அங்கிருந்து பொப்பார்ட் வரை பகல் நேரப் பயணிகள் படகு, திரும்ப ரயில்.

கொலோனிலிருந்து மைன்ஸ் போகும் ஊர் ஊராக நிற்கும் ரயில். மாதம் 58 யூரோவுக்கு (2025ன் கட்டணம்) ஜெர்மனி முழுக்க இந்த மாதிரி ரயில்களிலும் பஸ், டிராம்களிலும் போகும் சீட்டை மகள் இருவருக்கும் எடுத்துவைத்திருக்கிறாள். அதிவேக ரயிலுக்கு அது செல்லாது. தெற்கே போகும்போது இடப்பக்கம் உட்கார வேண்டும், ஆறு அந்தப் பக்கம்தான். கோப்லென்ஸில் மோசல் ஆறு ரைனோடு கலக்கிறது. அதைத் தாண்டியதும் இரு கரையிலும் மலை நெருங்கிவர, ஆறு, சாலை, தண்டவாளம் மூன்றும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. கோப்லென்ஸுக்கும் பிங்கனுக்கும் ருடெஸ்ஹைமுக்கும் இடையிலான இந்த 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை 2002ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே ஆற்றுக்குக் குறுக்கே பாலமே இல்லை. அக்கரை போகப் படகுதான்.

லோரெலி பாறைக்கு எதிரே வரும்போது ரயில் அடுத்தடுத்துச் சுரங்கங்களுக்குள் நுழைந்துவிடுகிறது. 132 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையைத் திரும்பும்போது படகிலிருந்துதான் முழுசாகப் பார்த்தோம். ஆறு அங்கே குறுகி, ஆழமாகி, வளைகிறது. எதிரே வருவது தெரியாது என்பதால் கரையில் விளக்குச் சமிக்ஞை வைத்திருக்கிறார்கள். மேல்நோக்கி ஏறும் கப்பல் அதைப் பார்த்து, கீழே இறங்கி வரும் கப்பலுக்கு வழிவிடுகிறது. படகின் மேல்தளத்தில் இவர் எழுந்து நின்று, கரையில் வெள்ளைப் பலகையில் எழுதிய கிலோமீட்டர் எண்களை வாசித்துக்கொண்டே வந்தார். கான்ஸ்டன்ஸ் பாலத்தில் பூஜ்யம் போட்டு எண்ணத் தொடங்குகிறார்கள், லோரெலியில் 554 ஆகிவிடுகிறது.

பாஹராஹில் படகு ஏறியதும் வந்தது கௌப். ஆற்று நடுவே பாறை மேல் பழைய சுங்கக் கோட்டை, அக்கரையில் நீர்மட்ட அளவுகோல். ரைனில் சரக்கு ஏற்றுகிற எல்லோரும் தினமும் பார்க்கும் எண் இந்த அளவுகோலுடையது. 2018 அக்டோபரில் இது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அதற்காக ஆற்றில் முழங்காலளவுத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அளவுகோல் 78 காட்டும்போது கப்பல் வழியில் 1.90 மீட்டர் ஆழம் உண்டு. ஆனாலும் 25 என்றால் பெரிய கப்பல்களுக்குப் பாடுதான். அப்படி நீர் இறங்கினால் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி, அடுத்த பகுதியில் காத்திருக்கும் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். டான்யூபிலும் பாஸாவுக்கு மேலே ஸ்ட்ரௌபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவே அணை இல்லாத பகுதியில் இதே சிக்கல் வரும். மகள் காட்டிய பயணம் பாஸாவுக்குக் கீழே என்பதால் அந்த இடத்தைத் தொடாது.

ரயில் கட்சி எல்லாவற்றிலும் ஜெயித்துவிடவில்லை. பாஹராஹ் நிலையத்தில் இறங்கும்போது இவர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல காலை முதலில் கீழே வைத்து, ஒரு நொடி நின்றுதான் அடுத்த காலை எடுத்தார். இன்று கையில் பெட்டி இல்லை. இருந்திருந்தால்?

மே 18, ஞாயிறு

முட்டி வீங்கவில்லை. ராத்திரி தைலம் தேய்த்துவிட்டேன். "நேத்து மாதிரி தினமும் போலாம்" என்கிறார்.

மே 20, செவ்வாய் – கொலோன்

மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

கப்பல் கட்டணத்தில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பெரும்பாலும் ஊர் சுற்றிக் காட்டுவதும் அடக்கம். ஊழியர்களுக்கான அன்பளிப்பு தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பல கம்பெனிகள் தனியாக எழுதுகின்றன. மது அடக்கம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பிரயோஜனமில்லாத சலுகை. ரயில், அடுப்பு வைத்த வாடகை அறைகள், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் கூட்டினாலும் கப்பல் கட்டணத்தில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. அடுப்பு இருந்தால் ரசமும் சாதமும் ஆகிவிடும்.

ரயில் பாஸ் வேண்டுமா? ஐரோப்பாவில் வசிக்காத எங்களுக்கு யூரெயில் பாஸ், இங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். 60 வயதானால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. 33 நாடுகளில் செல்லும். நாளுக்கொரு ஊர் தாவுகிறவர்களுக்கு அது லாபம். எங்களுக்கு நீண்ட பயணம் சிலதான், முன்கூட்டியே எடுத்த சலுகை டிக்கெட் போதும். அந்த ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட் வீண் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தாமதம்தான் இவருடைய கவலை. 2024ல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான் என்று அந்நாட்டு ரயில்வேயே கணக்குச் சொல்கிறது, அதிலும் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்த மாதிரிதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணிக்கு மேல் போனால் 50 சதவீதமும் திருப்பித் தர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி. ஆகவே ஒரே நாளில் ரயில் மேல் ரயில் மாறும் திட்டமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். நடக்கச் சிரமப்படுகிறவர்களை ஏற்றி இறக்கிவிடும் உதவி ஒரு காசும் வாங்காமல் கிடைக்கிறது. ஒரு நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பெரியவர்களை அழைத்துப்போகும் எல்லோரும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

வெள்ளம் என்று வந்தால் இரண்டுக்கும் அடி. 2024 செப்டம்பரில் டான்யூபில் கப்பல்கள் நின்றுபோயின. அதே மழையில் வியன்னாவுக்கும் ஸாங்க்ட் போல்டனுக்கும் இடையே தண்ணீர் புகுந்த புது ரயில்பாதை டிசம்பரில்தான் மறுபடி திறந்தது.

இன்னொன்று, இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு. புடாபெஸ்டைத் தாண்டி செர்பியாவுக்குப் போகும் நீண்ட கப்பல் பயணங்கள் உண்டு. செர்பியா ஷெங்கன் பகுதியில் இல்லை. பெல்கிரேடில் இறங்கிவிட்டு மறுபடி உள்ளே வர, பலமுறை நுழையும் விசா கையில் இருக்க வேண்டும்.

மே 22, வியாழன்

ரயில். வியன்னாவில் ஓர் அறை, புடாபெஸ்டில் ஓர் அறை, நடுவில் வேறு எங்கும் பெட்டியைத் தூக்குவதில்லை. டான்யூபின் அழகான பகுதிக்கு ஒரு பகல் படகு. மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "கண்ணு, ஆத்தைத் தூங்கிக்கிட்டே தாண்டறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை.

ஜூன் 5, வியாழன் – வியன்னா

வாஹாவ் பள்ளத்தாக்கு. காலையில் க்ரெம்ஸ் வரை ரயில், அங்கிருந்து மெல்க் வரை படகு. மேல்நோக்கிப் போவதால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மெல்கிலிருந்து கீழ்நோக்கி வந்தால் அதில் பாதியை விடச் சற்றுக் கூடுதல்தான். எல்லோரும் வேகமான பக்கத்தைத்தான் விரும்புவார்களாம். எனக்கு நேர்மாறு.

சுண்ணாம்பு வைக்காமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகின்றன, அவற்றின் மேல் திராட்சைக் கொடி. டுர்ன்ஸ்டைனில் நீல வண்ணக் கோபுரம், அதற்கு மேலே இடிந்த கோட்டை. 1192ல் பிடிபட்ட இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை அடைத்துவைத்த இடம். ஆனால் நான் கண் எடுக்காமல் பார்த்தது வைசன்கிர்ஹெனில் ஆற்றைக் கடக்க ஓடும் படகை. அதற்கு எஞ்சினே கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் கட்டிய கம்பியோடு அதைப் பிணைத்திருக்கிறார்கள். படகைச் சற்றுச் சாய்வாகத் திருப்பினால் ஆற்றின் ஓட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு காரும் நாலைந்து சைக்கிளும் சத்தமில்லாமல் ஆற்றைக் கடந்தன. ஸ்பிட்ஸிலும் இப்படி ஒன்று இருக்கிறது.

மெல்க் மடம் மலை மேல். இவர் ஊருக்குள் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். கப்பலில் வந்தவர்களுக்குத் துறையிலேயே பஸ் நின்றது. முட்டி வலிக்காரர்கள் மடத்து வாசலில் இறங்கினார்கள். அந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு – புடாபெஸ்ட்

வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு நேர் ரயில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். அது கியோர் வழியாக வருவதால் ஆறு அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆகவே பிராட்டிஸ்லாவா போய், ஸ்டூரோவோ வழியாக வரும் ரயிலைப் பிடித்தோம். திட்டத்தில் ஒரே ஒரு ரயில் மாற்றம் இது, நிறைய நேரம் இடைவெளி விட்டு வைத்தோம். ஸ்டூரோவோ தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில் டான்யூப், அக்கரைக் குன்றின் மேல் எஸ்டர்கோமின் பேராலயம், சற்று நேரத்தில் விஷேகிராட் கோட்டை. வாட்ஸ் வரை ஆறு கூடவே வருகிறது. மாலை 2ஆம் எண் டிராமில் பெஸ்ட் கரையோரமாகப் போனோம். இரவில் விளக்கெல்லாம் எரியும்போது கப்பலில் இந்த ஊருக்குள் நுழைவது பெரிய அழகு என்கிறார்கள். நம்புகிறேன். நாங்கள் பார்த்ததும் குறைவில்லை.

சென்னையிலிருந்து அக்கா போனில் கேட்டாள், அவளும் அத்திம்பேரும் எதில் போகலாம் என்று. அத்திம்பேருக்குச் சக்கர நாற்காலி. கப்பலில் போ அக்கா என்றேன், ஆனால் பணம் கட்டும் முன் நாலு விஷயம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்: லிஃப்ட் எல்லாத் தளத்துக்கும் போகுமா, துறையில் இன்னொரு கப்பலைக் கடந்து இறங்கும்போது நாற்காலிக்கு வழி உண்டா, எந்தெந்தப் பகுதியைப் பகலில் கடப்பார்கள், தண்ணீர் குறைந்தால் பஸ்ஸில் ஏற்றுவார்களா இல்லை பணம் திரும்பத் தருவார்களா. தன் பெட்டியைத் தானே ரயில் படியில் ஏற்றி இறக்க முடிகிறவர்கள் ரயிலில் வாருங்கள். வாஹாவில் க்ரெம்ஸிலிருந்து மெல்குக்குப் படகு ஏறுங்கள்.