காசு கொடுத்துக் கறுப்பவர்கள்

மொழிபெயர்க்க வந்த ஆங்கிலக் கட்டுரையில் 'டேன்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். தோல் வெயில் பட்டுப் பழுப்பேறுவது. அவர்களுக்கு அது அழகு. தமிழிலோ, "வெயில்ல அலைஞ்சு இப்படிக் கறுத்துப்போயிட்டியே" என்று அம்மா அங்கலாய்க்கிற சொல்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கென்றே கடைகள் உண்டு. புற ஊதா விளக்குகள் பதித்த படுக்கையில் சில நிமிடம் படுத்து எழ வேண்டும். சில முறை போனால் நிறம் ஏறும். செல்களின் மரபணு சேதமடையும்போது உடல் காட்டும் தற்காப்புதான் அந்த நிறம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2009ல் இந்தப் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் அதே பட்டியலில் சேர்த்தது. பிரேசில் அந்த ஆண்டே தடை விதித்தது. இளம் வயதில் தொடங்குகிறவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் அபாயம் கூடுதல். ஆனாலும் போகிறார்கள்.

'படித்த பெண்களுக்கா இது தெரியாது?' என்று நினைத்தேன். உடனே என் கன்னம் நினைவுக்கு வந்தது.

2002ல் எம்.ஏ. தமிழ் முடித்திருந்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஒரு க்ரீம் வாங்கினேன். பத்தே நாளில் முகம் வெளுத்தது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று ட்யூபிலேயே அச்சிட்டிருந்தது. கடலை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் நான். அதையும் படித்துவிட்டுத்தான் தடவினேன். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், தடவினால் அடங்கும். இப்படியே மூன்று வருடம். தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, கன்னத்தில் முடி முளைத்தது. தில்லி வெயிலில் இன்றும் எரிகிறது.

புற்றுநோய் ஐம்பது வயதில் வரலாம்; விருந்து வரும் சனிக்கிழமை. இருபது வயதில் எது பெரிதாகத் தெரியும்? புற ஊதா ஒளி பட்டால் தோலில் எண்டார்ஃபின் சுரக்கிறது என்கிறார்கள். அந்தச் சுகமும் சிலரை விடுவதில்லை. தோல் சுருங்கும், சீக்கிரம் கிழடு தட்டும் என்று தோற்றத்தை வைத்தே எச்சரித்தபோது, அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அந்தப் படுக்கைக்குப் போவது குறைந்ததாம்.

இங்கே 2018ல் ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவரின் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு விதியை இறுக்கியது. சீட்டுக் கேட்காத கடைகளுக்குப் பஞ்சமில்லை. போன மாதம் அக்கா மகளின் மேஜையில் அப்படி ஒரு ட்யூபைப் பார்த்தேன். நோயைப் பற்றி எதுவும் பேசவில்லை. விளக்கைப் போட்டு, "தொட்டுப் பாரு" என்று கன்னத்தைக் காட்டினேன். தொட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஃபேர்வெல் முடிஞ்சதும் நிறுத்திடறேன் சித்தி" என்றாள்.

சட்டென்று நிறுத்தினாலும் முகம் சிவக்கும் என்பது எனக்குத் தெரியும். தோல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், ஃபேர்வெலுக்கு முந்தைய வாரத்தில்.